பழைய வில்லிஸ் ஜீப்புக்கு டிரெய்லர் இழுக்குற ஹிட்ச் (பின்னாடி மாட்டுற கொக்கி): வெல்டிங்கா, போல்ட்டா?

வெல்டிங்னா பட்டறைல சட்டுனு முடிஞ்சிரும், செலவும் கம்மி, ஆனா இவ்வளவு வருஷ சேஸிஸ்ல வெளிய பெயின்ட் பளபளன்னு இருந்தாலும் உள்ள துரு தின்னு தகடு மெலிஞ்சிருக்கும், அதுல சூடு பட்டா வெல்டுக்குப் பக்கத்துலயே விரிசல் விட வாய்ப்பு இருக்கு. பெட்ரோல் டேங்க் வேற டிரைவர் சீட்டுக்கு அடியிலயே இருக்கு, அதைக் கழட்டாம பொறி பறக்குற வேலையே வேண்டாம்.

போல்ட்டுக்கு மெனக்கெடணும். சுத்தியலால தட்டிப் பாருங்க, 'டங்'னு இல்லாம 'டொக்'னு கேட்டா அந்த இடத்தை விட்டுருங்க. நல்ல இடத்துல 8.8 கிரேடு (பலமான ரகம்) போல்ட், பின்னாடி கனமான ப்ளேட், நைலாக் நட் (சட்டுனு லூசாகாம இருக்க உள்ள நைலான் வளையம் வச்சது), கொஞ்ச தூரம் இழுத்துட்டு வந்து மறுபடி டைட் செக் பண்ணணும். வேண்டாம்னா நாளைக்கு கழட்டிக்கலாம், ஓட்டைதான் மிச்சம். என் ஓட்டு இதுக்குத்தான்.

எதைப் போட்டாலும் பிரேக் அதே பழைய டிரம்தான், லோடை அளவா ஏத்துங்க.