மாமாவின் பத்துக்கு ஏழும் மச்சாளின் டெக்சாஸும்

பேர்னில் நாற்பது வருசமாக இருக்கும் மாமா இந்த ஆவணியில் மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்திருந்தார். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மருமகன், சுவிஸ் மறியலில பத்துப் பேரில ஏழு பேர் வெளிநாட்டான். விசா இல்லாம வாறவன்தான் களவெடுக்கிறான்."

அங்கேயே பிறந்த மச்சாள் விடவில்லை. "அமெரிக்காவில விசா இல்லாதவங்கதான் குறைவாப் பிடிபடுறாங்க அப்பா."

இரண்டு பேர் சொன்ன கணக்கும் சரிதான். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாமாவின் கணக்கு மறியலில், அதாவது சிறையில், இருப்பவர்களின் தலைக்கணக்கு. சுவிஸ் மக்களில் வெளிநாட்டவர் நாலில் ஒருவருக்குச் சற்று மேல். மறியலில் ஏறத்தாழ 70 வீதம். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 70க்குள் அங்கே குடியிருப்பவர் மட்டும் இல்லை. எல்லை தாண்டி வந்து போகிறவர்களும் நிலையான முகவரி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே களவுக்குப் பிடிபட்ட இருவரில், வீடும் வேலையும் உள்ளவன் வழக்கு முடியும்வரை வீட்டில் இருப்பான். முகவரி இல்லாதவன் ஓடிவிடுவான் என்று உள்ளே வைப்பார்கள். ஆக, இந்த எண்ணில் குற்றத்தோடு விசாவும் சேர்ந்தே எண்ணப்படுகிறது.

மச்சாளின் கணக்கு வேறு வகை. டெக்சாஸில் கைதாகிறவரின் கைரேகையைக் குடிவரவுப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். அதனால் யாருக்கு விசா உண்டு, யாருக்கு இல்லை என்று பிரித்து எண்ண முடிகிறது. பெரும்பாலான இடங்களில் இந்த வசதி கிடையாது. 2012 முதல் 2018 வரையான பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வின்படி, வன்முறைக் குற்றங்களுக்காக அமெரிக்காவில் பிறந்தவர்கள் கைதாகும் வீதம் விசா இல்லாதவர்களுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். களவு போன்ற சொத்துக் குற்றங்களில் நாலு மடங்குக்கு மேல்.

இதிலும் ஓட்டை உண்டு. குடிவரவு அதிகாரிகள் கையில் ஒருபோதும் சிக்காதவனின் கைரேகை பதிவில் இராது. அவன் அமெரிக்காவில் பிறந்தவர்கள் பக்கம் எண்ணப்பட்டுவிடலாம். ஆனால் நாலு மடங்கு இடைவெளியை அந்த ஓட்டை ஒன்றே உண்டாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் கரையிலிருந்து 2012இல் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்களை நினைத்துப் பாருங்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவான் என்று தெரிந்தவன் ரயிலில் டிக்கெட் இல்லாமல் ஏறவும் பயப்படுவான்.

அதற்காக மச்சாள் பக்கம் முழுவதும் சாய்ந்துவிடவும் முடியாது. சுவீடனின் அரச குற்றத்தடுப்பு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் சந்தேக நபராகப் பதிவாகும் வாய்ப்பு, சுவீடனில் பிறந்த பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர்களைவிட இரண்டரை மடங்கு. வயதையும் பாலினத்தையும் வருமானத்தையும் ஒத்துப் பார்த்தால் இடைவெளி குறைகிறது, இல்லாமல் போகவில்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மை இல்லை. ஆனால் அது வெளிநாட்டில் பிறந்த எல்லோரையும் சேர்த்த கணக்கு. விசா இல்லாதவனைப் பற்றிய மாமாவின் வாதத்துக்கு அது சாட்சி சொல்லாது.

என்னைக் கேட்டால், விசாவைப் பார்க்கமுன் வயதைப் பார்க்கவேண்டும். எந்த நாட்டிலும் அதிகம் பிடிபடுகிறவர்கள் இளம் ஆண்கள்தான். தஞ்சம் கேட்டு முதலில் போய்ச் சேருகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1980களில் சுவிஸுக்குப் போன எங்கட பெடியன்களும் அப்படித்தான். அங்குள்ள பத்திரிகைகள் அவர்களை ஹெரோயினோடு சேர்த்து எழுதின. "தோல் ஜாக்கெட் தமிழர்" என்று ஒரு பெயரும் ஓடியது. பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது, உணவகச் சமையலறைகளில் வேலை கிடைத்தது, குடும்பம் ஆனது. இன்று அதே தமிழரை நல்லாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள் என்று உதாரணம் காட்டுகிறார்கள்.

அம்மா பழைய அல்பத்தை எடுத்து வந்தா. பேர்ன் ஸ்டேசன் வாசலில் மாமா, இருபத்திரண்டு வயசு, முழங்கை வெளுத்த கறுப்புத் தோல் ஜாக்கெட்.

"அப்பா, உங்களைப் பொலிஸ் மறிக்கேல்லையா?" என்று மச்சாள் கேட்டாள்.

மாமா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கிழமைக்கு ரெண்டு தரம்," என்றார்.