கார் ஷெட் தரைக்கு எபாக்ஸி, பிவிசி, ரப்பர்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் கான்கிரீட் தரையில் மூன்று வகைப் பொருட்கள் பல ஆண்டுகளாக அருகருகே பயன்பாட்டில் உள்ளன. கார் நிற்கும் நடுப்பகுதியில் எபாக்ஸி (இரு திரவங்களைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிளாஸ்டிக் வகை) பூச்சும், வாசலை ஒட்டிய பகுதியில் ஒன்றோடொன்று கோத்துப் பொருத்தும் பிவிசி ஓடுகளும், பின்சுவர் ஓரம் வேலை மேசைக்கு முன்னால் ரப்பர் விரிப்பும் உள்ளன. ஒரே தரையை இப்படிப் பிரித்ததற்குக் காரணம் அந்தத் தரையின் ஈரம்தான். எந்தப் பொருள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை, பொருளின் தரத்தைவிட அதன் அடியில் இருக்கும் கான்கிரீட்டே முடிவு செய்கிறது என்பது இத்தனை கால அனுபவத்தில் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. சுமார் 45 செ.மீ. சதுரமான தடித்த, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளிகள் தென்பட்டாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ மண்ணிலிருந்து ஈரம் மேலேறுகிறது என்று பொருள். எங்கள் தரையில் நடுப்பகுதி உலர்ந்திருந்தது. வாசல் ஓரம் மட்டும் கறுத்தது. ஈரம் ஏறும் இடத்தில் எபாக்ஸி பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சின் பிடிப்பைத் தளர்த்திக் கொப்புளங்களாகக் கிளப்பிவிடும். ஆகவே வாசல் ஓரத்துக்கு ஒட்டாமல் கிடக்கும் ஓடுகளே பொருத்தம் என்று முடிவாயிற்று. புதிதாகப் போட்ட கான்கிரீட்டாக இருந்தால் இந்தச் சோதனைக்கு முன்பே குறைந்தது 28 நாட்கள் பொறுக்க வேண்டும்.

எபாக்ஸியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் இரு பாகங்களான ரெசினையும் (பிசின்) ஹார்ட்னரையும் (அதை இறுகச் செய்வது) கலந்தவுடன் வினை தொடங்கிவிடுகிறது. கலவையை வாளியிலேயே வைத்திருந்தால் அதுவே சூடாகி விரைவில் இறுகிவிடும் என்பதால், கலந்ததும் தரையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். ஆனால் பூசுவதைவிடப் பூசுவதற்கு முந்தைய வேலையே பெரிது. கான்கிரீட்டின் மேல் பரப்பில் சிமென்ட் பால் உறைந்து ஒரு பலவீனமான படலமாக நிற்கும். அதை நீக்காமல் பூசினால், பூச்சு அந்தப் படலத்தைத்தான் பிடித்துக்கொள்ளுமே தவிர கான்கிரீட்டைப் பிடிக்காது. அமிலத்தால் கழுவும் முறையும் உண்டு. நாங்கள் வைரத்தகடு பொருத்திய கிரைண்டரால் தேய்த்து, தூசியை முழுவதுமாக உறிஞ்சி எடுத்தோம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும். அதுவே தரை தயாரானதற்கு அடையாளம்.

இந்த உழைப்பின் பலனை டயர் நிற்கும் இடத்தில் காணலாம். ஓடி வந்த கார் நிற்கும்போது சூடான டயர் பூச்சை இளக்குகிறது. பிறகு டயர் குளிர்ந்து சுருங்கும்போது பூச்சையும் சேர்த்து இழுக்கிறது. பிடிப்பு குறைவாக இருந்தால் டயர் பதிந்த வடிவத்திலேயே பூச்சு பெயர்ந்து வரும். இதே தரையில் முன்பு இருந்த சாதாரணத் தரைப் பெயிண்ட் இப்படித்தான் திட்டுத் திட்டாக உரிந்தது. கிரைண்டர் தேய்த்த பிறகு பூசிய எபாக்ஸியில் அந்த இடங்கள் பளபளப்பை இழந்திருக்கின்றன. ஆனால் எங்கும் பெயரவில்லை. என்ஜின் ஆயில் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. பிரேக் ஆயில் மட்டும் பூச்சை அரிக்கும் தன்மையுடையது. சிந்தியவுடன் துடைத்தாக வேண்டும். ஈரக் காலோடு நடந்தால் வழுக்கும் என்பதால் மேல் பூச்சில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருக்கிறோம். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் என்றே கருதுகிறேன். எபாக்ஸி வெயிலில் மஞ்சளிக்கும். வெயில் விழும் தரையானால் மேல் பூச்சுக்குப் பாலியாஸ்பார்ட்டிக் போன்ற, நிறம் மாறாத வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிவிசி ஓடுகளின் பெரிய நன்மை, பழுதான ஓடுகளை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது. வெப்பத்தில் விரிவதற்காகச் சுவரோரம் சிறிது இடைவெளி விட்டிருக்கிறோம். அதை விடாமல் இறுக்கிப் போட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். வெளிர் நிற ஓடுகளில் டயர் நிற்கும் இடத்தில் பழுப்புக் கறை படிகிறது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கப்படும் ரசாயனங்கள் ஓட்டுக்குள் ஊடுருவுவதால் வருவது அது. எந்தச் சோப்பாலும் போகவில்லை. கறுப்பு அல்லது அடர்சாம்பல் நிறமே இதற்குத் தகுந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓடுகளைத் தூக்கி அடித்தரையைக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்கிய ஈரம் நாற்றமெடுக்கும்.

ரப்பர் விரிப்பு நின்று வேலை செய்பவரின் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது, கீழே விழும் ஸ்பேனரும் உடைவதில்லை. ஆனால் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிப்போகும். அதற்கு நைட்ரைல் ரப்பர்தான் தாங்கும்.

பீங்கான் டைல்ஸையும் யோசித்தோம். நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத விட்ரிஃபைடு வகை காரின் எடையைத் தாங்கும்தான். ஆனால் அடியில் பசை முழுமையாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால் ஜாக்கி வைத்த இடத்தில் விரிசல் விடும். தட்டிப் பார்த்து ஒவ்வொன்றையும் சோதிக்கும் பொறுமையுள்ள கொத்தனார் கிடைத்தால் மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். எந்தத் தரையானாலும் ஜாக்கியின் அடியில் ஒரு தடித்த பிளைவுட் பலகை வைப்பது அவசியம்.

தரை முழுவதும் ஈரம் ஏறும் வீட்டுக்காரர்கள் எபாக்ஸிக்குச் செலவிடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். கான்கிரீட்டுக்குள் ஊடுருவி நீரைத் தடுத்து, ஆவியை மட்டும் வெளியே விடும் சைலேன் வகைச் சீலரைத் தெளித்துவிட்டு, டயர் நிற்கும் இடத்தில் மட்டும் ஓடுகளைப் பரப்பினால் போதும்; சீலரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும்.