அமெரிக்கா மெடிக்கல்: பாப்பாவுக்கு ஊசி தர்மபுரியிலயா, சென்னையிலயா?

எங்க பாப்பாவுக்கு 4 வயசு. பென்டாவேலன்ட், போலியோ எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டு கார்டுல இருக்கு. ஆனா கவர்மென்ட் அட்டவணைல வர்றது எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) தான், அதுல பொன்னுக்கு வீங்கி கிடையாது, சின்னம்மை ஊசியும் இல்ல. அமெரிக்கா இமிக்ரன்ட் விசாவுக்கு (அங்க குடியேறுறதுக்கான விசா) எடுக்குற மெடிக்கல் செக்கப்ல ரெண்டுமே கேப்பாங்க.

தர்மபுரியிலயே குழந்தை டாக்டர்கிட்ட போட்டா பழகின இடம், ராத்திரி காய்ச்சல் வந்தாலும் வீட்ல பாத்துக்கலாம். ஆனா எம்எம்ஆர் (எம்ஆரோட பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த ஊசி), சின்னம்மை ரெண்டும் உயிருள்ள கிருமி ஊசி, ஒரே நாள்ல போடணும் இல்லன்னா 28 நாள் கேப் விடணும். இதுல பலபேர் கவனிக்காதது என்னன்னா, 2 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு மெடிக்கல்ல காசநோய்க்கு ஐக்ரான்னு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க, அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி இந்த ஊசி போட்டிருந்தா ரிசல்ட் தப்பா காட்ட வாய்ப்பிருக்கு, அதனால 4 வாரத்துக்கு முன்னாடியே முடிச்சிருங்க. கார்டுல தேதியும் டாக்டர் கையெழுத்தும் சீலும் தெளிவா இருக்கணும்.

சென்னை பேனல் டாக்டர்கிட்ட (விசா மெடிக்கல் எடுக்க அமெரிக்கா தூதரகம் அங்கீகரிச்ச டாக்டர்) போனா ரத்தம் எடுத்த அன்னைக்கே ஊசியும் போட்டுக்கலாம், கேப் கணக்கு பிரச்சனை இல்ல. ஆனா ஒரே நாள்ல பல குத்து வாங்கின பிள்ளைய தூக்கிட்டு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் திரும்பி வரணும், நெனச்சாலே மனசு கேக்கல.

ரெண்டு மாசம் டைம் இருந்தா ஊர்லயே போடுங்க. இன்டர்வியூ நெருங்கிடுச்சுன்னா சென்னைதான்.