சுழியும் ஆறும்: மோடல் லாஜிக்கா, ஹைப்ரிட் லாஜிக்கா?

நெல்லையில் தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறைப் படித்துறையில் நின்றுகொண்டு "கீழே எங்கேயோ அணைக்கட்டு இருக்கு" என்கிறார் ஒருவர். "கீழே பெருமாள் கோயிலும் இருக்குல்லா?" என்கிறார் இன்னொருவர். இரண்டும் நிஜம், இங்கிருந்து எட்டுகிற இடங்களில் எது உண்மை என்று பேசும் தர்க்கமான மோடல் லாஜிக்கிலும் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே ஊரிலா என்று கேட்டால்தான் அது கையை விரிக்கும். எட்டுகிற ஏதோ ஓரிடம், எட்டுகிற எல்லா இடமும்: இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஹைப்ரிட் லாஜிக் என்பது இதே மோடல் லாஜிக்கோடு 'நாமினல்' சேர்த்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் உண்மையாகும் வாக்கியம் அது. "இது ஸ்ரீவைகுண்டம்" என்பது போல. கீழே ஸ்ரீவைகுண்டம், அங்கே அணை. கீழே ஸ்ரீவைகுண்டம், அங்கே கோயில். அப்படியானால் அணையும் கோயிலும் சேர்ந்த ஓரூர் கீழே உண்டு. (புதூர் நாமினல் ஆகாது, நம்ம பக்கம் எத்தனை புதூர்!) கூடவே 'அட்' (@) குறி, பெயர் சொன்ன இடத்துக்கே நேராகப் போய்ப் பார்ப்பது. தமிழில் அது ஏழாம் வேற்றுமைதான்: "ஸ்ரீவைகுண்டத்தில் அணை உண்டு" என்பதை ஆற்றின் மேலே பாபநாசத்தில் நின்று சொன்னாலும் கடல் சேரும் புன்னைக்காயலில் நின்று சொன்னாலும் ஒன்றே.

ஹைப்ரிட் லாஜிக்குக்கு விதை போட்டவர் நியூசிலாந்துக்காரர் ஆர்தர் பிரையர், 1960களில். அவர் கவலை ஆறு அல்ல, காலம். கணங்களையே வாக்கியங்களாக எடுத்துக்கொண்டார்.

எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் வேறு. ஒரே இடத்தில் தன்னைத்தானே சுற்றும் சுழி ஒன்று; முடிவேயில்லாமல் நேராக ஓடும் ஆறு ஒன்று. இரண்டின் கரையிலும் ஒரே காட்சி என்றால் மோடல் லாஜிக்கால் பிரித்தறியவே முடியாது. "எந்த இடமும் தனக்குத்தானே கீழே இல்லை" என்ற எளிய விதியை எழுத அதற்கு வழி கிடையாது. நாமினல் இருந்தால் ஒரே வரி: இது குறுக்குத்துறை என்றால், இதற்குக் கீழே குறுக்குத்துறை இல்லை. எந்தப் பெயரை வைத்தாலும் இது நிற்க வேண்டும், அவ்வளவே.

விலை? வியப்பாக, ஏறவில்லை. அடிப்படை மோடல் லாஜிக்கில் ஒரு வாக்கியம் எங்காவது உண்மையாகுமா என்று தீர்ப்பது பி-ஸ்பேஸ் அளவுச் சிக்கல்; அதாவது வாக்கிய நீளத்தின் ஏதோ ஓர் அடுக்கு (வர்க்கம், கனம் போல) அளவு நினைவகம் இருந்தால் கணினி தீர்த்துவிடும். நாமினலும் 'அட்' குறியும் சேர்ந்தபின்னும் அதே அளவுதான். ஆனால் மேலேயும் திரும்பிப் பார்க்க ஒரு குறி வேண்டும் என்றால், ஒரே ஒரு நாமினல் போதும், எக்ஸ்ப்-டைமுக்கு, அதாவது வாக்கியம் நீள நீள நேரம் மடங்கு மடங்காகப் பெருகும் நிலைக்கு, தாவிவிடும். "நான் நிற்கிற இடம் எதுவானாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன்" என்கிற கீழ்நோக்கு அம்புக்குறியோ இன்னும் மோசம்: தீர்த்துச் சொல்லும் நிரலே எழுத முடியாது.

நான் நடுவில் இருப்பதையே எடுப்பேன். நாமினலும் 'அட்' குறியும் போதும். அம்புக்குறி கட்டாயம் வேண்டும் என்கிறவரிடம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.