டோர் பேட் கழற்றக் கொடுத்து 23,400 ரூபாயை இழந்தேன், நீங்கள் உஷாராக இருங்கள்

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு எழுதலாம் என்று நேற்று ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். தணிவதாக இல்லை. காருக்கு ஸ்பீக்கர் மாற்ற வேண்டும், சத்தத்தை அடக்கும் டேம்ப்பிங் ஷீட் ஒட்ட வேண்டும் என்று கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 2021-இல் வாங்கியது. சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யார் கையும் படாதது. மாதம் இரண்டு முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து விழுப்புரம் போய் வருவேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வண்டி எண்பதைத் தாண்டினால் டயர் சத்தத்தில் நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அதற்காகத்தான் நான்கு கதவுக்கும் டேம்ப்பிங் போட நினைத்தேன். பேர் பெற்ற ஒரு கார் ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன். பேர் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார். ஒரு டோர் பேடை எடுத்து வந்து மேஜைமேல் வைத்து, எங்கே ஸ்க்ரூ, எங்கே கிளிப் என்று அப்பாவுக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “பதினஞ்சு வருஷமா இதே வேலைதாங்கய்யா. கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டுவோம், கழட்டின மாதிரியே தெரியாது” என்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த நிமிஷத்தில் நான் நம்பினேன். டேம்ப்பிங் 14,000, ஸ்பீக்கரும் ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கரும் 9,400, மொத்தம் 23,400 ரூபாய். பில் கேட்டதற்கு, “பில்லுன்னா பதினெட்டு பர்சென்ட் கூட ஆகும் சார், எஸ்டிமேட் தர்றேன், நம்ம கடைதானே” என்றார். சரி என்றேன். முழுப் பணத்தையும் ஜிபேயில் அப்போதே போட்டேன். “வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க, சாப்பிட்டு வாங்க” என்றார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் “ரெடி சார்” என்று போன். நான்கு கதவையும் கழற்றி, துடைத்து, ஒட்டி, திரும்ப மாட்ட அந்த நேரம் போதவே போதாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

மூன்றாம் நாளே இடது முன் கதவில் கடகட சத்தம். ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பின் கதவும் சேர்ந்துகொண்டது. காலடியில் போட்டிருக்கும் மேட்டைத் தூக்கிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கிளிப், கழுத்து ஒடிந்து கிடக்கிறது. டோர் பேடின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிய பள்ளம் வரிசையாக மூன்று. போன் செய்தேன். “புதுசா போட்டது சார், ஓட ஓட செட் ஆயிடும்” என்றார்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. வண்டியை விட்டு இறங்கும்போது அப்பா, “தம்பி, கால் நனையுதுப்பா” என்றார். கையை வைத்துப் பார்த்தேன். கார்ப்பெட் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. கதவைத் திறந்து மூடினால் உள்ளே குடத்துத் தண்ணீர் போலச் சலசலக்கிறது.

அதற்குப் பிறகு அலையவிட்டதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதலில் “மழைக்காலம் சார், எல்லா வண்டிக்கும் வரும்.” அப்புறம் “அந்தப் பையன் லீவு, திங்கட்கிழமை வாங்க.” திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுப் போனால், “அவன் வேலையை விட்டே போயிட்டான்.” அப்புறம் “பழைய வண்டி சார், கிளிப் முன்னாடியே உடைஞ்சிருக்கும்.” வாட்ஸாப்பில் அனுப்பிய எட்டுப் படத்துக்கும் நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. கடைசியாக நேரில் நின்று கேட்டபோது, அன்றைக்கு டீ கொடுத்த அதே மனிதர், “பில் இருக்கா? எஸ்டிமேட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். 23,400 ரூபாய் வாங்கியவர் பேசுகிற பேச்சா இது?

நேற்று சர்வீஸ் சென்டரில் ஒரு பெரிய மெக்கானிக் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கழற்றிக் காட்டினார். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பாம். கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். வண்டிக்குள் வராமல் இருக்க, இரும்புக்கும் டோர் பேடுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் ஷீட்டைக் கறுப்புப் பசையால் சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள். என் வண்டியில் அந்த ஷீட் மூன்று கதவில் இல்லவே இல்லை. நான்காவதில் பாதி கிழிந்து தொங்கியது. இரண்டு கதவில் டேம்ப்பிங் ஷீட்டை அடிவரை இழுத்து, தண்ணீர் போகிற ஓட்டையையே அடைத்து ஒட்டியிருக்கிறார்கள். முன் கதவில் ஒன்பது கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தது. அந்தக் கிளிப் ஒன்று ஒரு டீ விலைதான். கழற்றினால் சிலது உடையத்தான் செய்யும், புதிதாகப் போட்டுவிடுவதுதான் வழக்கம் என்றார். அதைக்கூடச் செய்யவில்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் மேலே இருந்தது. ட்வீட்டர் வயரை இழுக்க முன் கண்ணாடி ஓரத்துப் பில்லர் கவரைக் கழற்றியிருக்கிறார்கள். அதன் பின்னால் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. கவரிலேயே எழுதியும் இருக்கிறது. அந்த ஏர்பேக்கின் முன்பக்கமாக வயரைக் குறுக்கே ஓட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். விபத்தில் ஏர்பேக் விரியும்போது அந்த வயரும் ட்வீட்டரும் எங்கே வந்து அடிக்கும்? அந்தப் பக்கம் உட்காருவது என் அப்பா. மெக்கானிக் அதைக் காட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. இத்தனை நாள் அப்படியே விழுப்புரம் போய் வந்திருக்கிறோம்.

எல்லாம் சரி செய்ய 8,150 ரூபாய். ஏற்கெனவே கொடுத்த 23,400 போக இது தனி. டேம்ப்பிங்கில் பாதியைப் பிய்த்து எறிந்தாகிவிட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு நிலைகொள்ளவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நெம்புவதற்கு பிளாஸ்டிக் டூல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். டோர் பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் பாலிதீன் ஷீட் முழுசாக ஒட்டியிருப்பதைப் போட்டோ எடுங்கள். ஏர்பேக் இருக்கிற பில்லரைக் கண்டவர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பதினெட்டு பர்சென்ட் போனாலும் பரவாயில்லை, பில் வாங்குங்கள்.

பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸாப் பேச்சும் என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. 23,400 ரூபாயை விடுவதாக இல்லை.

கார்ப்பெட் இன்னும் மொட்டை மாடியில் காய்கிறது. மறுபடி மேகம் கட்டுகிறது, போய் எடுக்க வேண்டும்.