டூல் ஆஃப்செட்: கட் போட்டு அளப்பதா, ஆர்மில் தொடுவதா?

சிஎன்சி லேத்தில் ஆஃப்செட் (டூலின் முனை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும் எண்) எடுக்க, கட் போட்டு அளப்பதா, சென்சார் உள்ள ஆர்மில் முனையைத் தொடுவதா, எது மேல் என்ற சண்டை ஓய்வதே இல்லை. என் கணக்கில் அந்தச் சண்டையில் பாதி வீண். எண்ணை எப்படி எடுக்கிறோம் என்பதைவிட, அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் அடுத்த ஜாப் மாற்றும்போது நேரத்தைத் தின்கிறது.

முதலில் எடுக்கும் வழி. லேசாக ஒரு கட் ஓட்டி, X-ஐ (டயா திசை) அசைக்காமல் Z-இல் (நீளத் திசை) மட்டும் டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலை நிறுத்தி மைக்ரோமீட்டரால் அளக்கிறோம். 45.62 வந்தால், ஃபானுக் கன்ட்ரோலில் ஜியோமெட்ரி (டூலின் அடிப்படை ஆஃப்செட்) பக்கத்தில் அந்த டூல் எண்ணில் நின்று X45.62 அடித்து மெஷர் அழுத்தினால் முடிந்தது. வெட்டும்போது டூலும் ஜாபும் ஒன்றையொன்று தள்ளுவதும் இந்த அளவுக்குள்ளேயே வந்துவிடும். ஆர்மில் அது வராது. சென்சாரை முனை மெல்லத் தொட்டதும் எண் தானாக ஏறிவிடும், வேகமும் அதிகம்தான். ஆனால் முதல் பீஸ் கொஞ்சம் பெரிதாக வந்தால் வியரில் (சிறு திருத்தங்களுக்கான ஆஃப்செட்) திருத்தியே ஆக வேண்டும். டயா 45.03 வந்து 45.00 வேண்டுமென்றால் வியரில் முழு 0.03-ஐயும் மைனஸில் போட வேண்டும். X டயா கணக்கில் ஓடுகிறது என்பதை மறந்து பாதியைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்சார் முனையில் ஒரு பிசிறு ஒட்டியிருந்தாலும் ஆர்ம் பொய் சொல்லும்.

கையால் அடிப்பதில் வேறு ஆபத்து. ஒருமுறை 45. என்று அடிப்பதற்குப் பதில் புள்ளி இல்லாமல் 45 அடித்துவிட்டேன். அந்த மெஷினில் அது 0.045 மி.மீ. டர்னிங் டூல் என்பதால் ஜாபுக்கு 22 மி.மீ. தள்ளி நின்று காற்றை வெட்டியது. அதே தவறைப் போரிங் பாரில் செய்திருந்தால் ஓட்டைக்குள் போக வேண்டியது ஜாபின் முகத்தில் இடித்திருக்கும்.

இனி Z ஜீரோ. ஒவ்வொரு டூலையும் ஃபேசிங் செய்த (தட்டையாக வெட்டிய) முகத்தில் தொட்டு Z0 கொடுப்பது பழகிய வழி. புரிந்துகொள்ள எளிது, ஒரு டூலில் தப்பு நடந்தால் அந்த டூலோடு போகும். ஆனால் டூல்களைத் தாங்கும் டர்ரெட்டில் எட்டு டூல் இருந்து, அடுத்த ஜாபின் முகம் அதைப் பிடிக்கும் சக்கிலிருந்து 12 மி.மீ. குறைவாக வந்தால் எட்டையும் மறுபடி தொட வேண்டும்.

மற்ற வழியில் ஜியோமெட்ரியின் Z, ஆர்ம் அல்லது சக் முகம் போன்ற நிலையான ஓர் இடத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். ஜாபின் முகம் எங்கே என்பதை G54-இன் (எல்லா டூலுக்கும் பொதுவான ஜாப் ஜீரோ) Z மட்டும் சொல்லும். ஜாப் மாறினால் ஒரே ஓர் எண் மாறும். இதன் பலவீனமும் அதுதான்: ஒரு டூலின் நீளப் பிழையை G54-இல் சரிசெய்யப் போனால் எட்டும் சேர்ந்து நகரும்.

ஒரே ஜாப் மாதக்கணக்கில் ஓடினால் பழைய வழியே போதும். அடிக்கடி செட்டிங் மாறுகிற மெஷினில் நான் Z-ஐ ஆர்மிலும் G54-இலும் விட்டுவிட்டு, ஃபினிஷிங் டூலின் X-ஐ மட்டும் கட் போட்டு அளக்கிறேன். அந்தக் கட்டின் ஆழம் ஃபினிஷிங்கில் எடுக்கப்போகிற அளவே இருக்க வேண்டும். 2 மி.மீ. ஆழத்தில் அளந்த எண், 0.3 மி.மீ. ஆழத்தில் வெட்டும்போது அப்படியே வராது.