நோயாளி தங்கும் ரூமுக்கு கார்பன் மோனாக்சைடு அலாரம்: வாங்கலாமா?

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியை மூன்று ரூமாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறோம். வருவதெல்லாம் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள். முக்கால்வாசிப் பேர் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கம். ஓட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது என்று ரூமிலேயே பொங்கிக்கொள்வார்கள். அதனால் மூலையில் கடப்பைக்கல் மேடை, ரெண்டு பர்னர் அடுப்பு, நாலு எட்டு தள்ளிக் கட்டில். இதற்காகத்தான் ரெண்டு ரூமுக்கு இந்த அலாரத்தை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்று 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

கடையில் போய்க் கேட்டால் கேஸ் லீக் அலாரத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். அது வேறு, இது வேறு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கீழே தேங்கும். அதற்கான அலாரம் தரையை ஒட்டி இருக்கவேண்டும். லீக்கானால் மூக்குக்கும் தெரிந்துவிடும், அந்த நாற்றத்தை வேண்டுமென்றே கலந்துதான் அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அடுப்பு காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகி ரூம் முழுக்கப் பரவும். அதனால் இந்த அலாரத்தைக் கட்டிலில் படுத்திருப்பவர் மூச்சு விடும் உயரத்தில் மாட்டினேன். அடுப்புக்கு நேர் மேலேயோ ஜன்னல் ஓரத்திலேயோ மாட்டக்கூடாது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. இதுதான் இந்த விஷக்காற்றின் அடையாளம். நமக்கு வந்தால் என்னமோ ஏதோ என்று யோசிப்போம். கீமோ ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருப்பவருக்கு வந்தால்? மருந்தின் மேல்தான் பழி போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேல் பிடிப்பாக ஒட்டிக்கொள்ளும். ரத்தசோகை, இதய நோய் உள்ளவர்களை முதலில் சாய்க்கும். எங்கள் மாடிக்கு வருகிறவர்களே அப்படிப்பட்டவர்கள்தானே.

ஒருநாள் சாயங்காலம் ஏசி ரூமில் அம்மாவோடு தங்கியிருந்த பையன் போனில் போட்டோவோடு இறங்கி வந்தான். ‘ஆன்ட்டி, யே க்யா ஹை?’ (இது என்ன?) என்றான். அலாரத்தில் 41 என்று எண். மேலே போனால், கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தியிருக்கிறது, தீ அலைகிறது என்று ஃபேன் நிறுத்தியிருக்கிறது, ஏசி ஓடுகிறது. ஸ்பிளிட் ஏசி ரூமுக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும், வெளிக்காற்றை இழுக்காது. சின்ன பர்னர் மேல் அகலமான தேக்சா, குளிக்க வெந்நீர். தீ மஞ்சளாக நாக்கு நீட்டுகிறது, தேக்சாவின் அடி முழுக்கக் கரி. அடுப்பை அணைத்து, ஜன்னல், கதவு எல்லாம் திறந்து, அவன் அம்மாவை வராந்தாவில் உட்காரவைத்தோம்.

மறுநாள் கொசப்பேட்டையிலிருந்து வழக்கமாக வரும் மெக்கானிக் பர்னரைக் கழற்றிக் காட்டினார். பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்து ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. ‘காத்து பத்தாம எரிஞ்சிகினு இருந்திருக்குதுக்கா. தீ நீலமா வரணும்’ என்றார். கம்பிபிரஷ் போட்டு, ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்ததும் நீலம் வந்துவிட்டது. பாத்திரத்தைப் பற்றியும் சொன்னார்: அடி ரொம்ப அகலமாக இருந்து பர்னரை மூடினாற்போல் உட்கார்ந்தால், நல்ல அடுப்பும் சரியாக எரியாது.

அன்றைக்கு அலாரம் கத்தவே இல்லை, எண்தான் காட்டியது. ஏமாற்று வேலையோ என்று பெட்டியைப் படித்தேன். இஎன் 50291 என்ற ஐரோப்பிய தரத்தில் செய்தது; அந்தத் தரப்படி 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 வந்தால் 3 நிமிடத்துக்குள் கத்தவேண்டும். அளவும் நேரமும் சேர்ந்துதான் ஆபத்து என்ற கணக்கு. நியாயம்தான். ஆனால் இந்த மாடல் 30க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பூஜ்யமே காட்டும். நோயாளி இருக்கும் ரூமில் எனக்கு 15 வந்தாலும் தெரியவேண்டும்.

பேட்டரி இறங்கினால் நடுராத்திரியில் கீச் கீச் என்று கத்தி எல்லோரையும் எழுப்பும். பதறிப்போய் ஒருவர் அதைக் கழற்றி டிராயரில் போட்டிருந்தார். டெஸ்ட் பட்டனை நம்பி ஏமாறாதீர்கள், அது பேட்டரியையும் சத்தத்தையும்தான் சோதிக்கும், சென்சாரை அல்ல. சென்சாருக்கு ஆயுள் உண்டு. என்னுடையதில் ஏழு வருடம் என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. தயாரித்த தேதி பார்க்காமல் தள்ளுபடியில் வாங்கினால் நஷ்டம்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டியிருப்பவர்களுக்கு நான் அலாரம் சொல்லமாட்டேன். அதை வெளியே எடுங்கள், அவ்வளவுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜன்னல் மேல்பாதிக்குக் கொசுவலை அடித்து, சாத்தமுடியாதபடி செய்துவிட்டோம். அந்தச் செலவு அலாரத்தைவிடக் குறைவு, பலன் கூட. மூன்றாவது ரூமுக்கும் அலாரம் வாங்குவேன், சின்ன எண்ணையும் காட்டும் மாடலாகப் பார்த்து.